முன்மூடிக்குள் ஒரு தோட்ட வரலாறு

மோட்டார் வண்டியின் 'பானட்' எனப்படும் முன்மூடியைத் தூக்கி நிறுத்திப் பார்ப்போர் கண்ணில் முதலில் படுவன இரும்பும் அலுமினியமும் ஆகும். சற்றே குனிந்து நோக்கின் ரப்பரும் தென்படும். இயந்திரம் வண்டியின் சட்டத்தின்மீது நேரே அமர்வதில்லை. அதன் அதிர்வைத் தாங்கும்பொருட்டு இடையே ரப்பர்த் திண்டுகள் வைக்கப்பட்டுள்ளன. பட்டறைக்காரர் இவற்றை 'மவுண்டிங்' என்பர். 'ரேடியேட்டர்' என்னும் வெப்பாற்றிக்கு நீரைக் கொண்டு செல்லும் குழாயும், விசிறியைச் சுழற்றும் வாரும் ரப்பரே. முற்காலத்தில் இவை மரத்துப் பாலிலிருந்து பெற்ற ரப்பரால், துணி சேர்த்துச் செய்யப்பட்டன. இன்று குழாயும் வாரும் செயற்கை ரப்பருக்கு மாறிவிட்டன. எனினும் இயந்திரத்தைத் தாங்கும் திண்டு இன்றளவும் பெரும்பாலும் இயற்கை ரப்பரால் ஆனதே. ஓயாத அதிர்வைத் தாங்கி உழைப்பதில் அதற்கு ஈடான பொருள் எளிதில் கிடைப்பதில்லை.

நெகிரி செம்பிலான் மாநிலத்தில் லாபு, லின்சம், சுவா பெத்தோங், ஜெராம் பாடாங் முதலிய தோட்டங்களில் விடியுமுன் எழுந்து மரம் சீவிய நம் முன்னோரின் உழைப்பு இவ்வாறு உலகத்து மோட்டார் வண்டிகளின் முன்மூடிக்குள் சென்று அமர்ந்தது. ஆயின், அம்முன்மூடியைத் தமக்குரிய ஒன்றாகத் திறந்து, துடைத்து, தம் விருப்பம்போல் திருத்தி அமைக்கும் வாய்ப்பு அவர்தம் குடும்பங்களுக்குக் கிட்ட அரை நூற்றாண்டுக்கு மேலாயிற்று. அவ்விடைக்கால வரலாற்றைத் தோட்டக் கணக்கேடுகளில் தேடிப் பயனில்லை. அவை ஏக்கரையும் இராத்தலையும் எண்ணின. எண்ணெய் படிந்த கைகளை எண்ணவில்லை.

சுங்கை ஊஜோங் எனப்பட்ட பகுதியில் 19-ஆம் நூற்றாண்டின் கடைப்பகுதியில் காப்பித் தோட்டங்களே மிகுதி. சிரம்பானையும் போர்ட்டிக்சனையும் இணைத்த இருப்புப்பாதை 1891-இல் திறக்கப்பட்டது. ஆயினும் தோட்டத்திலிருந்து நிலையம் வரை சுமை ஏற்றிச் சென்றது மாட்டுவண்டியே. வண்டியைப் பேணும் கலை தமிழர்க்குப் புதிதன்று. மேடும் பள்ளமும் நிறைந்த வழியில் செல்லும் உப்பு வணிகர், தம் வண்டியின் அடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிச் செல்லும் வழக்கத்தை ஔவையார் புறநானூற்றின் 102-ஆம் பாட்டில் உவமையாக எடுத்தாண்டுள்ளமையை மாணவர் அறிவர். அச்சுக்கு மசகிடவும், கடையாணி தேய்ந்ததை ஓசையால் உணரவும் அறிந்திருந்த சமுதாயமே இங்கு வந்து சேர்ந்தது.

1896-ஆம் ஆண்டில் இரண்டு நிகழ்ச்சிகள் நடந்தன. 'பென்ஸ்' மோட்டார் வண்டி ஒன்று சிங்கப்பூரில் வந்திறங்கியது. அதனை வாங்கிய பக்லி என்பார் அதற்குக் 'காப்பி இயந்திரம்' என்று செல்லப் பெயர் இட்டிருந்தார். அவ்வாண்டிலேயே மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யான் வாணிக நோக்குடன் ரப்பரைப் பயிரிட்டார். இவ்விரண்டும் ஒன்றையொன்று அறியாமல் நிகழ்ந்தவை. எனினும் பின்னது வளர்ந்தது முன்னதனாலேயே ஆகும். டன்லப் 1888-இல் காற்றடைத்த டயரை அமைத்தார். ஃபோர்டு நிறுவனம் 1908-இல் 'மாடல் டி' வண்டியை வெளியிட்டது. 1910-இல் இலண்டனில் ரப்பர் விலை இராத்தல் ஒன்றுக்கு 12 ஷில்லிங்கைக் கடந்தது. காப்பி விலை வீழ்ந்து நலிந்திருந்த நெகிரி செம்பிலான் தோட்டங்கள் ரப்பர்க் காடுகளாயின. கங்காணிகள் தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து ஆட்களைத் திரட்டி வந்தனர்.

துரையின் பங்களாவிற்கு மோட்டார் வண்டி வந்தபோது, அதனை ஓட்டவும் கழுவவும் ஒருவர் தேவைப்பட்டார். குதிரையைப் பேணியவருக்கு வழங்கிய 'சைஸ்' என்னும் பெயரே அவருக்கும் வழங்கியது. பெயர் மட்டுமா? வேலையின் இயல்பும் அதுவே. குதிரையைத் தேய்த்துக் கழுவியதுபோல் வண்டியைத் தேய்த்துக் கழுவினார்; தீனி வைத்ததுபோல் எண்ணெயும் நீரும் வார்த்தார். அக்காலத்து முன்மூடி இருபுறமும் இறக்கைபோல் தனித்தனியே திறப்பது. ஒரு பக்கத்தைத் திறந்து தீப்பொறிச் செருகிகளைக் கழற்றி, கரியைச் சுரண்டி, இடைவெளி பார்த்துத் திரும்பப் பொருத்துவர். மறுபக்கம் திறந்து எரிநெய்க் கலவைப்பெட்டியாகிய 'கார்பரேட்டரை'த் துடைப்பர். அந்நாளைய பெட்ரோலும் எண்ணெயும் மிகுதியான கரியை விட்டுச் சென்றமையால், சில ஆயிரம் மைலுக்கு ஒருமுறை இயந்திரத்தின் தலைப்பகுதியையே கழற்றிக் கரி நீக்க வேண்டியிருந்தது. செம்மண் சாலையின் தூசி எண்ணெயோடு கலந்து சாந்துபோல் இறுகிவிடும். அதனை மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் தேய்த்தெடுப்பது அரை நாள் வேலை.

வண்டியின் அந்தரங்கம் முழுவதையும் அறிந்திருந்த அம்மனிதர், துரை ஏறியபின் வாய் திறவாமல் ஓட்டிச் செல்ல வேண்டியவர். வாகனமும் மதிப்பும் அக்காலத்தில் எவ்வளவு நெருங்கிப் பிணைந்திருந்தன என்பதற்கு ஒரு சான்று போதும். 1941-இல் சிலாங்கூரின் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் மூண்ட வேலைநிறுத்தத்தின்போது தொழிலாளர் முன்வைத்த கோரிக்கைகளுள், துரையையும் அலுவலரையும் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்க வேண்டும் என்ற கட்டாயத்தை நீக்குக என்பதும் ஒன்று. கூலி உயர்வோடு ஒருங்கே வைக்கப்பட்ட கோரிக்கை அது! இரண்டு சக்கர மிதிவண்டிக்கே இந்நிலை என்றால், சொந்த மோட்டார் வண்டி என்ற எண்ணம் லயத்து வாசலில் கனவாகக்கூட நுழைந்திராது.

ஆயின் இயந்திரம் மட்டும் தமிழரின் கைக்கு எட்டாமல் போகவில்லை. தோட்டத்து ரப்பர் ஆலையில் உருளைகளைச் சுழற்றியவை ரஸ்டன், கிராஸ்லி, லிஸ்டர் போன்ற ஆங்கிலேய இயந்திரங்கள். அவற்றிற்கு எண்ணெயிட்டு, துடைத்து, இயக்கி நின்றோருள் தமிழர் பலர். 'இஞ்சின் டிரைவர்' என்ற சொல்லுக்குத் தோட்டத்தில் தனி மதிப்பு இருந்தது. அந்த ஆலையில் பெற்ற அறிவு பட்டறைப் பாடநூல் எதனிலும் காணக்கிடைக்காதது. ஏனெனில் அங்கே இயந்திரமும் ரப்பரும் ஒரே கூரையின் கீழ் இருந்தன. செம்பும் பித்தளையும் ரப்பருக்கு நஞ்சு. அவை பாலில் கலந்தால் காய்ந்த ரப்பர் நாளடைவில் பிசுபிசுத்துக் கெடும். ஆதலின் பால் பாத்திரங்கள் அவ்வுலோகங்களால் செய்யப்படுவதில்லை. மண்ணெண்ணெயும் மசகெண்ணெயும் பட்ட ரப்பர் உப்பி, வலுவிழந்து போகும். 1925-இல் நிறுவப்பட்ட ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் ஆய்ந்து வந்த இத்தகைய செய்திகளை, ஆலைத் தொழிலாளி தன் விரலால் அறிந்திருந்தார். இவ்வறிவு பின்னர் எங்கே பயன்பட்டது என்பதைச் சற்றுப் பின்னே காண்போம்.

ஜப்பானியர் ஆட்சி வந்தது. பெட்ரோல் அரிதாயிற்று. பேருந்துகளிலும் சுமையுந்துகளிலும் கரியடுப்புகள் பொருத்தப்பட்டன. மரக்கரியை எரித்து உண்டாகும் வாயுவைக் குழாய் வழியே இயந்திரத்திற்குச் செலுத்தி ஓட்டினர். வாயுவோடு வரும் சாம்பலும் கீலும் உள்ளே படிவதால், குழாய்களையும் வடிகட்டிகளையும் அடிக்கடி கழற்றித் துடைக்காவிடில் வண்டி நகராது. மற்றொரு வேடிக்கையும் உண்டு. விற்க வழியின்றிக் குவிந்த ரப்பரையே காய்ச்சி வடித்து எரிநெய்யும் மசகெண்ணெயும் எடுத்தனர். டயராகவும் திண்டாகவும் வண்டியைத் தாங்க வேண்டிய பொருள் வண்டிக்குள்ளேயே எரிந்தது! அதே காலத்தில் இம்மாநிலத் தோட்டங்களிலிருந்தும் எண்ணற்ற தமிழர் சயாம்–பர்மா இரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டு மீளாது போயினர் என்பதை நினைக்கும்போது அவ்வேடிக்கை நெஞ்சில் நிற்பதில்லை.

போர் முடிந்து மூன்றாண்டுகளுக்குள், 1948 ஜூனில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. துரைமார் தம் வண்டிகளுக்கு இரும்புத் தகடு பொருத்திக்கொண்டனர். பல தோட்டங்களில் அவ்வேலை தோட்டப் பட்டறையிலேயே நடந்தது. ஒரு வண்டியைத் தேவைக்கேற்ப மாற்றியமைப்பது என்றால் என்ன என்பதற்கு இதனினும் கடுமையான பாடம் இராது. தகட்டின் எடையால் வில்லுகள் தாழும். காற்று நுழையும் வழி குறுகினால் வெப்பாற்றி கொதிக்கும். ஒன்றைக் கூட்டினால் வேறொன்றை ஈடு செய்ய வேண்டும். முள்வேலிக்குள் அடைபட்ட லயங்களில் வாழ்ந்த மக்கள், அவ்வண்டிகள் போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டிருந்தனர்.

நாடு விடுதலை பெற்ற பின்னரே கதை திரும்புகிறது. லயத்து வாசலுக்கு முதலில் வந்த இயந்திரம் மகிழுந்து அன்று. 'ஹோண்டா கப்' ஆகும். பினாங்கைச் சேர்ந்த லோ பூன் சியூ 1958-இல் அதனை இந்நாட்டிற்குக் கொண்டு வந்தார். மக்கள் நாவில் அது 'கப்சாய்' ஆயிற்று. பால்வாளியைப் பக்கத்தில் தொங்கவிட்டு, வெட்டு நிரைகளுக்கிடையே அதனை ஓட்டிச் சென்றனர். சிந்திய பால் சங்கிலியில் உறைந்து இறுகும். அதனை உரித்தெடுக்கும் மாலைப்பொழுதே பல சிறுவர்க்கு முதல் இயந்திரப் பாடம்.

மகிழுந்து அதன்பின் வந்தது. தோட்டத்து மக்கள் அதனைக் 'காடி' என்றே சொல்வர். கிராணியும், சில தோட்டங்களில் தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியரும், சுமையுந்து ஓட்டுநரும் பழைய 'மோரிஸ் மைனர்' வண்டிகளை வாங்கினர். 1948-இல் வெளிவந்த அவ்வண்டியின் முன்மூடி முழுமையாகப் பின்னோக்கித் திறப்பது. உள்ளே இடம் தாராளம். கையை விட்டால் எல்லாப் பகுதியும் எட்டும். வீட்டு வாசலிலேயே வேலை கற்க அதனினும் ஏற்ற வண்டி வேறொன்று இருந்ததாகத் தோன்றவில்லை. புது வண்டி வாங்க வசதியற்றவன் பழைய வண்டியைக் கழற்றிக் கற்றான் என்பதில் தமிழர்க்குப் பெருமையான முன்மாதிரியும் உண்டு. கோவையின் ஜி. டி. நாயுடு இளமையில் ஆங்கிலேய அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளை விலைக்கு வாங்கிப் பிரித்துப் பூட்டிக் கற்றவர். 1920-இல் பேருந்துத் தொழிலில் இறங்கியவர்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நடைபெறும் அப்பணியை அருகிருந்து பார்த்தவர் மறக்க மாட்டார். முதலில் இயந்திரம் ஆற வேண்டும். சூட்டில் தண்ணீர் பட்டால் வார்ப்பிரும்பு வெடிக்கக்கூடும். பின்பு மின்கலத்தின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றுவர். மின்பங்கீட்டுப் பெட்டி, மின்னாக்கி, கார்பரேட்டரின் வாய் ஆகியவற்றைப் பிளாஸ்டிக் பையால் போர்த்திக் கட்டுவர். ரப்பர் இல்லாத இடங்களில் தூரிகையால் மண்ணெண்ணெய் தடவி, படிந்த பிசுக்கு இளகியபின் பழந்துணியால் வழித்தெடுப்பர். அதன்பின் சவர்க்காரத் தூள் கரைத்த நீர். அதன்பின் குவளையால் அளந்து ஊற்றும் நல்ல நீர். வாளியைத் தூக்கி வீசுபவனைப் பெரியவர்கள் அதட்டுவர். இறுதியில் வெயிலில் உலரவிட்டு, மின்முனைகளில் மசகு தடவி, கழற்றிய கம்பியைப் பூட்டுவர்.

ரப்பர்ப் பகுதிகளை மட்டும் சவர்க்கார நீரால் துடைக்க வேண்டும் என்பது ஆலையிலிருந்து வந்த பாடம். இதனை யான் பட்டே அறிந்தேன். இளமையில் ஒருமுறை ஆர்வ மிகுதியால் திண்டுகளுக்கும் மண்ணெண்ணெய் அடித்து அப்படியே விட்டேன். பின்னர் அவை பஞ்சுபோல் உப்பி, இயந்திரம் வண்டியையே உலுக்கத் தொடங்கியது. பக்கத்து வீட்டுப் பெரியவர், ஆலையில் வேலை செய்தவர், வந்து குனிந்து பார்த்தார். "ஏண்டா தம்பி, எண்ணெய் பட்ட ஷீட்ட ஸ்டோர்ல எடுப்பாங்களா?" என்று கேட்டார். அவ்வளவே. விடை எனக்கும் தெரிந்ததுதான்.

1959-இல் தோன்றிய 'மினி' வண்டி வேறொரு சிக்கலைத் தந்தது. அதன் மின்பங்கீட்டுப் பெட்டி முன்புறத்திலேயே அமைந்திருந்தமையால், பருவமழையில் நீர் தெறித்து வண்டி நின்றுவிடும். அதற்கு உரிமையாளர் கண்ட வழி, ரப்பர்க் கையுறை ஒன்றை அப்பெட்டியின்மேல் மாட்டி, விரல் நுனிகளை வெட்டி, அவற்றின் வழியே கம்பிகளை வெளியே விடுவதாகும். பொறியாளர் விட்ட குறையைச் சமையலறைப் பொருள் தீர்த்தது. பின்னாளில் மலேசியா உலகத்திற்கே ரப்பர்க் கையுறை செய்து வழங்கும் நாடாகியதை எண்ணுகையில் இச்செய்தி சுவையுடையதாகிறது.

திருத்தம் செய்வதும் அக்காலத்திலேயே தொடங்கிவிட்டது. இரட்டைக் கார்பரேட்டர் பொருத்தினர். வால்வு மூடியை வெள்ளியாகவோ சிவப்பாகவோ தீட்டினர். கம்பிகளை ஒழுங்காகச் சேர்த்துக் கட்டினர். வண்ணம் தீட்டியவர்களைச் சிலர் எள்ளி நகையாடியதுண்டு. யான் அதனை ஏற்கவில்லை. பலரறியத் தன் பெயரை எழுதி வைக்க வீடோ நிலமோ இல்லாத ஒருவர் — லயத்து வீடு தோட்டத்துக்கு உரியதன்றோ? — தனக்கே உரிய பொருளில் தன் விருப்பத்தைப் பதித்தார். அறுபதுகளில் தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோதும், 1968-ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் பின் குடியுரிமையற்ற பல்லாயிரவர் தாயகம் திரும்பியபோதும், வீடு அவர்களோடு வரவில்லை. வண்டியும் கைத்தொழிலும் மட்டுமே உடன் வரக்கூடியவையாய் இருந்தன. சிரம்பானிலும் பகாவிலும் தம்பினிலும் பட்டறை வேலைக்குச் சென்ற தோட்டத்து இளைஞர் பலர் வாசலில் கற்றதையே முதலாக வைத்துச் சென்றனர். கைத்திறன் இருந்தும் சான்றிதழ் இன்றிப் பல்லாண்டு உதவியாளராகவே நின்றவர்களும் அவர்களுள் உண்டு.

1985 ஜூலை 9-இல் 'புரோட்டோன் சாகா' அறிமுகமாயிற்று. மிட்சுபிஷி அமைத்த 1.3 லிட்டர் இயந்திரம் அதனுள் இருந்தது. உள்ளூரில் உதிரிகள் கிடைத்தன. அண்டை வீட்டாரிடம் அதே வண்டி இருந்தமையால் அறிவும் பரவியது. 1994-இல் வந்த 660 சி.சி. 'கஞ்சில்' விலையால் மேலும் எளியோரை எட்டியது. இதனோடு 'ஹாஃப் கட்' வாணிகமும் பெருகியது. ஜப்பானில் ஓடிக் கழிந்த வண்டியை முன்பாதியாக வெட்டி, இயந்திரமும் பற்சக்கரப் பெட்டியும் மின்கம்பிகளும் குலையாமல் கப்பலேற்றி வந்து விற்பர். சிறு வண்டியில் காற்றழுத்தியுடன் கூடிய வலிய இயந்திரத்தை ஏற்றிய இளைஞர் இம்மாநிலத்திலும் உண்டு. இங்கேதான் பெரியோர் இரும்புத் தகட்டுக் காலத்தில் கற்ற பாடம் மறக்கப்பட்டது. ஆற்றலைக் கூட்டியோர் தடையைக் கூட்டவில்லை. இயந்திரத்தை மாற்றினால் அதன் எண் பதிவிலும் மாற வேண்டும். சாலைப் போக்குவரத்து இலாகாவின் ஒப்புதல் வேண்டும். 1987-ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டம் இதற்கு இடம் வகுத்துள்ளது. அதனைப் பொருட்படுத்தாது ஓடிய வண்டிகள் சில, சாலையோரத்தில் மாலை சூட்டிய படங்களாய் முடிந்ததை ஆசிரியர்களாகிய நாம் வகுப்பின் வெற்றிருக்கைகளால் அறிவோம்.

தோட்டங்கள் குறைந்துகொண்டே வருகின்றன. ரப்பர் இருந்த இடத்தில் செம்பனை வந்தது. செம்பனை இருந்த செண்டாயானில் புதுநகரம் எழுந்தது. லயத்துச் செம்மண் வாசலில் நடந்த பணி, தொடர்வீட்டின் சிமெண்டு முகப்பிற்கு மாறியுள்ளது. இயந்திரமும் மாறிற்று. கார்பரேட்டர் போய் எரிநெய்ப் பீச்சு முறை வந்தது. கணினிப் பெட்டியும் உணர்கருவிகளும் முன்மூடிக்குள் நிறைந்துள்ளன. உயரழுத்த நீரைப் பீய்ச்சியடித்தால் அவற்றின் இணைப்புகளில் ஈரம் புகுந்து, ஒரு நாள் சுத்தம் ஒரு மாதச் செலவாகும். பழைய முறையான தூரிகையும் பழந்துணியும் குவளை நீருமே இன்றும் ஏற்றவை. வழித்தெடுத்த எண்ணெய்ப் பிசுக்கை மட்டும் முன்போல் கால்வாயில் விடலாகாது. கழிவெண்ணெயைக் கட்டுப்பாட்டுக்குரிய கழிவாக 2005-ஆம் ஆண்டு விதிகள் வகுத்துள்ளன. சிரம்பான் வட்டாரத்துக் கால்வாய்கள் பல லிங்கி ஆற்றை நோக்கியே ஓடுகின்றன. அவ்வாற்று நீரையே சுத்திகரித்து நாமும் குடிக்கிறோம்.

வேலை முடிந்து கம்பியைப் பூட்டி, வண்டியை முடுக்கி, சிறிது நேரம் ஓடவிட்டுப் பார்ப்பர். பிறகு அணைத்து, முன்மூடியைத் தாழ்த்துமுன், தோட்டத்தில் பிறந்த பெரியவர் எவரேனும் அருகிலிருப்பின் குனிந்து அந்த ரப்பர்த் திண்டைக் கட்டைவிரலால் ஒருமுறை அழுத்திப் பார்ப்பார். விரலை மூக்கருகே கொண்டுசென்று முகர்ந்தும் பார்ப்பார். எண்ணெய் வாடை இல்லையென்றால், "அடுத்த தீபாவளி வரைக்கும் தாங்கும்" என்று சொல்லி மூடியை மெல்ல இறக்குவார்.